ஆறடித் தண்ணீரின் எடை

தேனி மாவட்டத்துக்கு வரும் நாளிதழ்களில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருக்கும். முல்லைப் பெரியாறு அணை மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. கூடலூர் தொடங்கி வீரபாண்டி வரை டீக்கடையில் பேப்பரைக் கையில் வாங்கும் சம்சாரிகள் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான். நாற்றங்கால் எப்போது விடலாம், இரண்டாம் போகம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. அணை கட்டியது 152 அடி தேக்குவதற்கு. 1979-ல் அதை 136 அடிக்கு இறக்கினார்கள். 2014-ல் மறுபடி 142-க்கு ஏற்றினார்கள். இந்த மூன்று எண்களையும் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

136-க்கும் 142-க்கும் நடுவில் இருப்பது ஆறே அடி. நல்ல உயரமான ஆள் ஒருவர் நிற்கும் உயரம். இந்த ஆறடிக்காகத் தமிழ்நாடும் கேரளமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டின. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். ஆறடித் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது?

எடை இருக்கிறது. கிணற்றில் முங்கு நீச்சல் அடித்தவர்களுக்குத் தெரியும்: ஆழம் போகப் போகக் காது அடைக்கும். மேலே நிற்கும் நீரின் பாரம் ஆழத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அணையின் மீது தண்ணீர் தள்ளுவதும் இப்படித்தான். மேல்மட்டத்தில் லேசாகத் தொடும் நீர், அடியில் மிகுந்த பலத்தோடு அழுத்துகிறது. மொத்தத் தள்ளுவிசையைக் கூட்டிப் பார்த்தால் அது ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆழம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அணையின் ஆழமான பகுதியில், சுவரின் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போடுவோம். 136 அடி நீர் ஏறத்தாழ 859 டன் விசையோடு தள்ளுகிறது. 142 அடி ஆகும்போது அது 937 டன். ஆறடி ஏறியதற்கு ஒவ்வொரு மீட்டருக்கும் 78 டன் கூடுதல். பத்து டன் பாரம் ஏற்றிய லாரிகள் எட்டை வரிசையாக நிறுத்தினாற்போல. அணையைக் குப்புறத் தள்ளப் பார்க்கும் திருப்புவிசையோ ஆழத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். அது சுமார் 14 விழுக்காடு கூடுகிறது. 152 அடிக்கு ஏற்றினால், 136-ஐ விட ஏறத்தாழ 40 விழுக்காடு.

எதிர்ப்பக்கம் அந்த ஆறடிக்கு இன்னொரு எடை உண்டு. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தின் வாய், 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நிற்கும் ஒரு சொட்டைக்கூடத் தமிழ்நாட்டால் எடுக்க முடியாது. அணை 152 அடி நிரம்பினால் கொள்ளளவு ஏறத்தாழ பதினைந்தரை டிஎம்சி. அதில் 104 அடிக்கு மேலே கிடப்பது பத்தரை டிஎம்சி. பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிவதால், மேலே ஏறும் ஒவ்வோர் அடியும் கீழே உள்ள அடியைவிட அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். ஆக, மேலே உள்ள அடிகள்தான் அணைக்குச் சுமை. அவைதான் வயலுக்கு உயிர். இந்த முரண் அணையின் வடிவத்திலேயே பிறந்தது. எந்த வழக்கறிஞரும் கிளப்பிவிட்டது அல்ல.

லோயர் கேம்ப்பில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். அரபிக் கடலுக்குப் போகவேண்டிய ஆறு அந்தக் குழாய்கள் வழியே இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, வைகையோடு சேர்ந்து கிழக்கே திரும்புகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அதற்கு அப்பால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் வரை வயலுக்கும் குடிக்கவும் அது போகிறது.

தண்ணீர் தள்ளுகிறது, எதிர்த்து நிற்பது எது? அணையின் சொந்த எடைதான். பொறியாளர் பென்னிகுவிக் கட்டியது ஈர்ப்பு அணை. வளைந்து மலைகளின் மேல் சாய்ந்து நிற்கும் வகை அல்ல. தன் பாரத்தால் மட்டுமே நிற்கும் வகை. 1887-ல் தொடங்கி, வெள்ளத்திலும் காய்ச்சலிலும் எத்தனையோ தொழிலாளர்களை இழந்து கட்டிய அணையை 1895 அக்டோபர் 10-ல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். நீளம் சுமார் 1,200 அடி. அடித்தளத்தின் ஆழத்திலிருந்து உயரம் 176 அடி. முன்னும் பின்னும் கருங்கல் கட்டுமானம், நடுவே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காங்கிரீட்.

சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஒரு கெட்டியான பொருளை உண்டாக்குகின்றன. இன்றைய சிமெண்ட் இறுகும்போது உண்டாவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். வேறுபாடு வேகத்தில். சிமெண்ட் சில வாரங்களில் பலத்தின் பெரும்பகுதியை எட்டிவிடும். சுர்க்கிக் கலவை நிதானமாக, ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அதே சமயம், வினைபுரியாமல் மிஞ்சிய சுண்ணாம்பைக் கசியும் நீர் கரைத்துக் கொண்டுபோகும். ஒரு பக்கம் இறுகல், ஒரு பக்கம் கரைதல். இரண்டும் ஒரே சுவருக்குள் நடக்கின்றன. ஆகவே ‘பழைய அணை, எனவே பலவீனம்’ என்பதும் அறிவியல் இல்லை. ‘நூற்றாண்டு தாண்டி நிற்கிறது, எனவே நிற்கும்’ என்பதும் அறிவியல் இல்லை. எவ்வளவு இறுகியது, எவ்வளவு கரைந்தது என்று அளந்து பார்ப்பதுதான் அறிவியல். மலையின் இரு பக்கத்திலும் மேடைகளில் இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் மாறி மாறிக் கேட்டிருக்கிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1895-ஆம் ஆண்டுக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. அணை திறப்பதற்கு ஐந்தரை மாதம் முன்பு, ஏப்ரல் 27-ல், பிரான்ஸில் பூசே என்ற அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏன் உடைந்தது என்று ஆராய்ந்தபோதுதான் பொறியாளர்கள் ஓர் உண்மையை முழுதாக உணர்ந்தார்கள். நீர் அணையை முன்னாலிருந்து மட்டும் தள்ளுவதில்லை. விரிசல்களிலும் அடிப்பாறையின் இடுக்குகளிலும் புகுந்து, கீழிருந்து மேலே தூக்கவும் செய்கிறது. தண்ணீருக்குள் கல்லைத் தூக்கினால் லேசாகத் தெரியுமே, அதுபோல அணையின் எடையே குறைந்துபோகிறது. எடையை நம்பி நிற்கும் அணைக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. பென்னிகுவிக் வரைபடம் போட்ட காலத்தில் இந்த மேல்நோக்கு விசை அணைக் கணக்குகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அது அவருடைய தவறு அல்ல. ஆனால் 1895-க்குப் பிறகு அந்த அணையைப் பார்க்கும் எவரும் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி அங்கே பிறந்துவிட்டது.

அந்தக் கேள்வி ஊரெல்லாம் கேட்டது 1979-ல்தான். ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்தது. கேரளத்தில் அச்சம் பரவியது. நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத்தின் தலைவர் வந்து பார்த்தார். மட்டத்தை 136-க்கு இறக்குவது, அணையைப் பலப்படுத்துவது என முடிவானது. மூன்று வேலைகள் நடந்தன. முதலில் அணையின் தலையில் சுமார் 12,000 டன் காங்கிரீட்டை ஏற்றினார்கள். எடையால் நிற்பதற்கு எடையைக் கூட்டினார்கள். இரண்டாவதாக, அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறைக்குள் போகும்படி துளையிட்டு, எஃகு வடங்களை இறக்கி, பாறையில் பிணைத்து, ஒவ்வொன்றையும் 120 டன் விசையோடு இழுத்துக் கட்டினார்கள். கூடாரத்தின் கயிற்றை முளையில் கட்டுவதுபோல. உலகில் முதன்முதலாக ஓர் அணையை இப்படி இழுத்துக் கட்டியவர் ஆந்த்ரே குவான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1934-ல், அல்ஜீரியாவின் செர்ஃபாஸ் அணையில். மூன்றாவதாக, அணையின் பின்புறம் புதிய காங்கிரீட்டால் முட்டுக் கொடுத்து, அதற்குள்ளேயே ஆள் நடக்கக்கூடிய கேலரியும் அமைத்தார்கள். கசியும் நீர் அந்த கேலரியில் வடிந்துவிடுவதால் கீழிருந்து தூக்கும் விசை குறைகிறது. பூசேயில் பாடமாகக் கற்றது முல்லைப் பெரியாற்றுக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருக்கிறது.

அந்த கேலரியில் இருக்கும் அளவி மிக எளியது. ஓடும் கசிவுநீரின் குறுக்கே ஒரு தகடு, அதில் தலைகீழ் முக்கோண வெட்டு. வெட்டின் வழியே நீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்று அளந்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும். அந்த நீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதித்தால், அணையிலிருந்து எவ்வளவு சுண்ணாம்பு கரைந்து போகிறது என்பதும் தெரியும். லட்சக்கணக்கானோரின் அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் நிற்பது இந்தத் தகடு. நம் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் எத்தனை பேர் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பலப்படுத்தும் வேலைகளுக்குப் பிறகும் மட்டம் ஏறவில்லை. வழக்கு ஏறியது. 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. மூன்றே வாரத்தில் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, ஆபத்தான அணைகளின் பட்டியலில் முல்லைப் பெரியாற்றைச் சேர்த்து, 136 அடிதான் என்று எழுதியது. தமிழ்நாடு மறுபடி நீதிமன்றம் போனது. 2010-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழு அமைந்தது. இரு மாநிலமும் தலா ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியை நியமித்தன. கூடவே இரண்டு பொறியியல் வல்லுநர்கள். பல ஆய்வுகளைச் செய்யவைத்த அந்தக் குழு 2012-ல் அறிக்கை தந்தது: வெள்ளம், நிலநடுக்கம், கட்டுமானம் என்ற மூன்று கோணத்திலும் அணை பாதுகாப்பானது. 2014 மே 7-ல் நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான அமர்வு கேரளத்தின் சட்டத் திருத்தம் செல்லாது என்றது. அந்த நவம்பரில், முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, மட்டம் 142-ஐத் தொட்டது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் உள்ளே இருக்கும் இன்னொரு கதைக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இயற்பியல் தேர்வு எழுதாத நீதிபதிக்கு ஓர் அணை நிற்குமா என்று எப்படித் தெரியும்? வல்லுநர் சொல்லித்தான். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வல்லுநரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்றது. 2024 ஜூலை முதல் அந்த இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் வல்லுநர்களே மாறுபட்டால்? அணைக்கு வரக்கூடிய ஆகப்பெரிய வெள்ளம் விநாடிக்கு 2.12 லட்சம் கன அடி என்றது மத்திய நீர்வள ஆணையம். கேரளத்துக்காக ஆய்வுசெய்த டெல்லி ஐஐடி அறிஞர்கள் 2.91 லட்சம் என்றார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் அணைக்கு ஆபத்து என்றார்கள் ரூர்க்கி ஐஐடி அறிஞர்கள்.

இவர்களில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆகப்பெரிய வெள்ளம் என்பது நடந்து முடிந்த வெள்ளம் அல்ல. பார்த்த மழைகளில் மோசமானதை எடுத்து, காற்றில் ஈரம் இன்னும் கூடினால் என்னாகும், மண் முன்பே நனைந்திருந்தால் என்னாகும், அந்த மழை சரியாக நீர்ப்பிடிப்பின் நடுவில் கொட்டினால் என்னாகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்கிடுவது. ஒவ்வொரு படியிலும் கணக்குப் போடுபவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முடிவுகள் மாறினால் எண் மாறும். அறிவியல் தருவது ஓர் எண்ணும், அதைச் சுற்றி ஒரு சந்தேகமும். அந்தச் சந்தேகத்தை எவர் தலையில் வைப்பது என்று அறிவியல் சொல்லாது. அதைச் சட்டம்தான் சொல்கிறது. நிரூபிக்கும் சுமை என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். அணை பாதுகாப்பானது என்று தமிழ்நாடு நிரூபிக்க வேண்டுமா, ஆபத்தானது என்று கேரளம் நிரூபிக்க வேண்டுமா? கேள்வியை வைக்கும் விதத்திலேயே பாதி விடை வந்துவிடுகிறது.

சந்தேகத்தைச் சுமப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். தண்ணீர் வராத ஆண்டில் நாற்றைக் காயவிட்டுவிட்டுக் கூலிக்குப் போகும் விவசாயி இந்தப் பக்கம். அணைக்குக் கீழே, வண்டிப்பெரியாற்றில், மழைக்கால இரவுகளில் தூங்காமல் ஆற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். தமிழ் பேசும் நம் மக்கள். மாநில எல்லை பிரித்துக் காட்டுவதுபோல இந்த நியாயம் பிரிவதில்லை. அணை உறுதியானது என்று நம்புகிற நான், அவர்களின் அச்சத்துக்கும் எண்களால் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

2014 தீர்ப்பில் சட்ட மாணவர்கள் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. ஒரு தீர்ப்பின் அடிப்படையாக இருக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் மாற்றலாம். ஆனால் நீதிமன்றம் ஆராய்ந்து உறுதிசெய்த ஓர் உண்மையைச் சட்டம் போட்டு இல்லாமலாக்க முடியாது. அணை பாதுகாப்பானது என்பது உண்மை பற்றிய முடிவு. சட்டமன்றத்தில் கைதூக்கி அதை மாற்ற முடியாது. அதையே இரு தரப்பும் மறுபடி கிளப்பவும் முடியாது. முன்தீர்ப்புத் தடை குறுக்கே நிற்கும். அதிகாரப் பிரிவினையின் அழகான விளக்கம் இது.

ஆனால் அணை தீர்ப்பைப் படிப்பதில்லை. சட்டத்தின் உண்மை ஒரு நாளில் முடிந்துவிடும். சுண்ணாம்பின் உண்மை நாளும் நடந்துகொண்டே இருக்கும். நீதிபதிகளுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் தீர்ப்போடு நில்லாமல், அணையைத் தொடர்ந்து கண்காணிக்க மூவர் குழுவையும் அமைத்தார்கள். பிறகு வந்த 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளைத் சார்பற்ற வல்லுநர் குழு குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுமையாக ஆய்வுசெய்ய வேண்டும் என்கிறது. முடிந்த வழக்கையும் முடியாத அணையையும் ஒன்றாகக் கட்டிவைக்க ஒரு வழி கண்டார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

சந்தேகத்தை எவர் தலையில் வைப்பது என்ற கேள்வியைச் சட்டம் தவறாகத் தீர்த்தால் என்ன நடக்கும் என்று பார்க்க, இந்தப் பக்கத்து மக்கள் வெகுதூரம் போக வேண்டாம். ரேகைச் சட்டம் என்றால் வயதானவர்களுக்கு இன்றும் தெரியும். 1911-ன் குற்றப் பழங்குடிகள் சட்டத்துக்கு நம் ஊர்களில் வைத்த பெயர் அது. கைரேகை அன்றைக்குப் புத்தம்புது அறிவியல். 1897-ல் கல்கத்தாவில்தான் அதற்கான முதல் அலுவலகம் அமைந்தது. பத்து விரல்களில் சுழி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மனிதர்களை 1,024 பிரிவுகளாகப் பிரிக்கும் முறையை உருவாக்கியதில் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. முறை மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் நின்றது.

அந்த அறிவியலில் குறை இல்லை, ரேகை ரேகைதான். அதைச் சட்டம் பயன்படுத்திய விதம்தான் கொடுமை. ஒரு சாதியில் பிறந்ததையே குற்றத்துக்கான சந்தேகமாக்கி, ஆண்களின் ரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னது. நான் குற்றவாளி இல்லை என்று ஒவ்வோர் இரவும் நிரூபிக்கும் சுமை அவர்கள் மேல். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் நீங்கியது. இன்று முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் கேமராக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வரும். கருவி சரியாக வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை எவர் மேல், எந்தச் சந்தேகத்தின் பேரில் திருப்புகிறோம் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

போடிப் பக்கம் பொட்டிப்புரத்தில் மூன்றாவது பாடம் கிடக்கிறது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் விநாடிக்கு 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிப் போகின்றன. அதில் ஒன்றைப் பிடிப்பதே அபூர்வம். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவுசெய்த இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கவயல், ஆண்டு 1965. அந்த மரபின் தொடர்ச்சியாக, அம்பரப்பர் மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, ஏறத்தாழ 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை வைக்கத் திட்டமிட்டார்கள். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால்தான் மற்ற துகள்கள் வடிகட்டப்படும். இயற்பியலில் இது அருமையான திட்டம் என்பதில் ஐயமில்லை.

சுற்றுச்சூழல் சட்டமோ இப்படி ஒரு பொருளைக் கனவிலும் கண்டதில்லை. மலைக்குள் ஓர் ஆய்வகத்துக்கு என்று அதில் தனி வகை இல்லாததால், கட்டடக் கட்டுமானம் என்ற வகையிலேயே திட்டத்தை வைத்துப் பரிசீலித்தார்கள். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் முந்தைய அனுமதியை நிறுத்திவைத்தது. காரணங்களில் ஒன்று, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்த நிறுவனம் அதற்கான அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை. இன்னொன்று, திட்டப் பகுதிக்கும் மாநில எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலைக்கும் இடையே ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே இருந்தது. 2018-ல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மறுபடி அனுமதி தந்தது; வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022 பிப்ரவரியில், அந்த மலையில் அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஊர் மக்கள் பயந்தது பெரும்பாலும் கதிர்வீச்சைப் பற்றி. அந்தப் பயத்துக்கு நியூட்ரினோவில் இடமில்லை. ஆனால் பாறையை வெடிவைத்துக் குடைவது, அதில் வரும் கல்லைக் கொட்டுவது, மேய்ச்சல் நிலம், தண்ணீர் ஆகியவை பற்றி அவர்கள் கேட்டவை மிக நியாயமான கேள்விகள். சரியான கேள்வியைச் சரியான இடத்தில், சரியான மொழியில் கேட்க அவர்களுக்கு உதவும் ஆட்கள் அன்று ஊருக்குள் இருந்திருந்தால், விவாதம் வதந்தியில் அலைந்திருக்காது. விஞ்ஞானிகளும் தமிழில், முன்கூட்டியே, உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் போதுமான அளவுக்கு நடக்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் வேலை இங்கேதான் வருகிறது. சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பறைக்கு வெளியே வந்தபோது இந்நாட்டில் சட்டமே மாறியிருக்கிறது. காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை தொடர்பான மதுரா வழக்கில், காவலர்களை விடுவித்த உச்ச நீதிமன்றத்துக்கு 1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் எழுந்த குரலின் விளைவாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் இத்தகைய குற்றங்களில், பெண் தான் சம்மதிக்கவில்லை என்று சாட்சி சொன்னால் நீதிமன்றம் அதை மெய்யென்று அனுமானிக்க வேண்டும் என்று ஆனது. சுமை இடம் மாறியது. 1999-ல் நாயுடு வழக்கில், அறிவியல் சிக்கலுள்ள சுற்றுச்சூழல் வழக்குகளைத் தீர்க்க நீதிபதிகளோடு வல்லுநர்களும் உட்காரும் மன்றம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2010-ல் பிறந்த பசுமைத் தீர்ப்பாயத்தில் வல்லுநர் உறுப்பினர்கள் இருப்பதன் பின்னணி அது.

இன்று பெருநகரங்களின் சட்டப் பல்கலைக்கழகங்களில் சட்டம், தொழில்நுட்பம், சமூக நீதி மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பாடங்களும் ஆய்வு மையங்களும் வந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு, தரவுப் பாதுகாப்பு, ஆதார் என்று நிறையப் பேசுகிறார்கள், பேச வேண்டியவைதான். ஆனால் அந்தப் படிப்புக்கான ஆய்வுக்கூடம் தேனியில் திறந்த வெளியில் கிடக்கிறது. 2019-ல் இங்கே ஓர் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி. எல்லாச் சட்டக் கல்லூரிகளையும்போல அங்கும் பார் கவுன்சில் விதிப்படி நான்கு செயல்முறைப் பாடங்கள் உண்டு. மாதிரி நீதிமன்றம் அதில் ஒன்று.

அந்த மாதிரி நீதிமன்றத்தில் ஒரு பருவம் முழுவதும் முல்லைப் பெரியாறு வழக்கை நடத்தலாம். மாணவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காக, பாதிப் பேர் கேரளத்துக்காக. அடுத்த வாரம் இடம் மாற்றிக்கொள்ளட்டும். மாவட்டத்தின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் வல்லுநர் சாட்சிகளாக வரட்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் சட்ட மாணவி, இந்த 2.91 லட்சம் என்ற எண்ணுக்கு நீங்கள் எடுத்த ஆறு முடிவுகள் என்னென்ன என்று கேட்கட்டும். பொட்டிப்புரத்துப் பெரியவர்களை அழைத்து, ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையைத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டட்டும். ரேகைப் பதிவின் கதையை, பாட்டன்மார் சொல்லக் கேட்ட வீடுகளுக்கே போய் எழுதிவரட்டும். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு ஒப்பந்தமோ வேண்டாம். ஒரு பேருந்தும் மனமுள்ள இரண்டு ஆசிரியர்களும் போதும். பல்கலைக்கழகமும் உயர்கல்வித் துறையும் இதை ஒரு முறையான பாடமாக ஆக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவசரமும் இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீருக்கான குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-ல், திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே கையெழுத்தானது. காலம் 999 ஆண்டுகள். கணக்குப்படி அது முடிவது 2885-ஆம் ஆண்டையொட்டி. அதற்குள் இந்த வழக்கு வேறு வேறு பெயர்களில் எத்தனையோ முறை நீதிமன்றம் ஏறும். அடுத்த முறை ஏறும்போது, கேலரியில் கசியும் நீரைக் கண்ணால் பார்த்த ஒரு வழக்கறிஞர், கூடலூரிலிருந்தோ வண்டிப்பெரியாற்றிலிருந்தோ போய் அங்கே எழுந்து நிற்க வேண்டும். அவர் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கக்கூடும். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், சட்டம் படிக்கச் சொல்லுங்கள். கணக்கையும் விட்டுவிட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.